மாலைநேரப் படிப்புக்கும் சட்டம் வேண்டும்

அமாவாசை இரவுகளில் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்காக மேல்மலையனூரில் பெருங்கூட்டம் திரளும். மற்ற நாள்களில் சுற்றியுள்ள சிற்றூர்களின் மாலைப்பொழுது வேறு. காட்டுவேலைக்குச் சென்ற பெற்றோர் இருட்டிய பின்பே திரும்பும் வீடுகளில், குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க ஆளிருப்பதில்லை.

அந்த மாலைநேரத்தைப் பயன்படுத்திக்கொண்ட திட்டம்தான் 'இல்லம் தேடிக் கல்வி'. பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை, ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது.

பலன் இருந்ததா? கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழக ஊரகங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆய்வு செய்தனர். கணிதத்தில் ஏற்பட்ட இழப்பு, மொழியில் ஏற்பட்டதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இத்தகைய பலன் அரிது.

எனினும், இதற்குச் சட்டத்தின் பிடிமானம் இல்லை. 2022இல் தொடங்கி, எட்டு வயதுக்குட்பட்ட அனைவரும் 2025க்குள் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்று இலக்கு வைத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நிலையும் இதுவே. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிக்கும் பொறுப்பை 24ஆம் பிரிவில் ஆசிரியர்மீது சுமத்தியது. அதற்கென மாலையில் தனி ஆளோ நிதியோ தரும் கடமையை அரசுக்கு விதிக்கவில்லை. ஆகவே, நிதி நெருக்கடி வந்தால் முதலில் கைவைக்க எளிதானவை இத்தகைய திட்டங்களே.

அச்சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தலைக் கோருகிறது. தினமும் ஒரு மணி வீதம் 200 நாள்கள் மாலை வகுப்பு நடந்தால், அதில் கால் பங்கு கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு லட்சம் தன்னார்வலருக்கு இன்றைய தொகையைக் கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.240 கோடி, தொகையை இருமடங்காக்கினால் ரூ.480 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது ரூ.46,767 கோடி. அதில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டைச் சட்டத்தின் மூலம் மாலை வகுப்புகளுக்கு உறுதிசெய்வது சட்டப்பேரவைக்கு இயலாத காரியமல்ல.