முன்னுரிமை யாருக்கு: அழைக்கப்படுகிறவருக்கா, அழைக்கிறவருக்கா?

கலைக்கும் இலக்கியத்துக்கும் எல்லைகள் இல்லை என்பது விழா மேடைகளில் நாம் சலிக்கச் சலிக்கக் கேட்ட வாசகம். கலைக்கு இல்லாமலிருக்கலாம், கலைஞருக்கு உண்டு. அது விசா விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. வளரும் நாடுகளின் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் பன்னாட்டு ஒப்பந்தங்கள் ஏற்கெனவே முன்னுரிமை வழங்கிவிட்டன, ஆகவே இனி முறையிட ஏதுமில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்கான சான்றுகள் அந்த ஒப்பந்தங்களின் வாசகங்களிலேயே இருக்கின்றன. சட்ட வாசகம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு. இங்கும் செய்ய வேண்டியது அவ்வளவே.

முதலில் யுனெஸ்கோ. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மைத்துவத்தைக் காப்பதற்கான உடன்படிக்கை 2005 அக்டோபரில் பாரிஸில் நிறைவேறியது. 148 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. 2006-இல் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் இணைந்தன. அதன் 16-ஆம் பிரிவு, வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கும் பண்பாட்டுத் துறையினருக்கும் முன்னுரிமை அளித்துப் பண்பாட்டுப் பரிமாற்றத்தை எளிதாக்க வேண்டும் என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் முன்னுரிமை என்றால் என்ன, எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் எங்கே முறையிடுவது என்பவற்றுக்கெல்லாம் அந்தப் பிரிவில் பதிலில்லை. பொருத்தமான நிறுவன, சட்ட அமைப்புகளின் வழியே என்று மட்டும் சொல்லிவிட்டு அது நின்றுவிடுகிறது. 2009-இல் வந்த செயல்பாட்டு வழிகாட்டுதல்கள் விசா நடைமுறைகளை எளிதாக்குவதையும் கட்டணத்தைக் குறைப்பதையும் குறிப்பிட்டன. வழிகாட்டுதல் என்ற பெயரே அதன் வலிமையின் அளவைச் சொல்லிவிடும்.

இந்தப் பிரிவைப் பின்பற்றி எழுதப்பட்டதாகப் பெருமையோடு காட்டப்படுவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கரீபிய நாடுகளுக்கும் இடையே 2008-இல் கையெழுத்தான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் பண்பாட்டு ஒத்துழைப்பு நெறிமுறை. அதில் எழுத்தாளர் பெயர் சொல்லியே குறிக்கப்படுகிறார். இலக்கியச் சந்தைகளும் விழாக்களும் குறிக்கப்படுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள். தரப்பினர் அவர்களின் வருகையை எளிதாக்க முயல்வர், அதுவும் தத்தம் சட்டங்களுக்கு உட்பட்டு. அனுமதிக்கப்படும்போது, அது 12 மாதத்தில் 90 நாள் வரை. அனுமதிக்க வேண்டும் என்று எங்குமில்லை. கூடவே ஒரு நிபந்தனை: வருகிறவர் தங்கியிருக்கும் நாட்டிலிருந்து தம் பெயரில் எந்த ஊதியமும் பெறக் கூடாது. ஒப்பந்த அடிப்படையில் சேவை வழங்கும் கேளிக்கைத் துறையினருக்கு அதே ஒப்பந்தத்தில் வேறு வழி உண்டு, வேறு நிபந்தனைகளோடு. நெறிமுறை அழைக்கும் எழுத்தாளரோ கதை வாசிக்கலாம், கூலி கேட்கலாகாது. இதைத்தான் முன்னுரிமை என்கிறார்கள்.

அரசுகளுக்குத் துல்லியமாக எழுதத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் தன் அண்டை நாடுகளோடு செய்துகொண்ட விசா எளிமையாக்க ஒப்பந்தங்கள் அதற்குச் சாட்சி. ரஷ்யாவுடன் 2006 மே மாதம் கையெழுத்தாகி 2007-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 10 நாளில் முடிவு, கட்டணம் 35 யூரோ, சிக்கல்களைப் பேச ஒரு கூட்டுக் குழு என எல்லாம் எண்ணி எழுதப்பட்டிருந்தன. யாருக்குச் சலுகை என்பதும் பட்டியலாக இருந்தது: லாரி ஓட்டுநர், பத்திரிகையாளர், மாணவர், விளையாட்டு வீரர், பண்பாட்டு நிகழ்வில் பங்கேற்பவர், கல்லறைகளைக் காணச் செல்பவர் என்று நீளும் பட்டியல் அது.

ஆனால் அந்தப் பட்டியல் மனிதர்களை வரையறுக்கவில்லை. அவர்கள் கொண்டுவர வேண்டிய தாளை வரையறுத்தது. ஓட்டுநருக்குச் சரக்குப் போக்குவரத்தாளர் சங்கத்தின் கடிதம். பத்திரிகையாளருக்குத் தொழில் அமைப்பின் சான்று. பண்பாட்டு நிகழ்வுக்குச் செல்பவருக்கு அழைக்கும் நிறுவனத்தின் எழுத்து வேண்டுகோள். கல்லறைக்குச் செல்பவருக்கோ அக்கல்லறை இன்னும் இருக்கிறது என்பதற்கும், புதைக்கப்பட்டவர் தமக்கு உறவு என்பதற்கும் அதிகாரபூர்வச் சான்று. நெருங்கிய உறவினர் யாவர் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். உடன்பிறந்தாருக்கு அந்த வரியில் இடமில்லை. அண்ணனைப் பார்க்கச் செல்லும் தங்கை அந்த ஒப்பந்தத்தின் கண்ணில் நெருங்கிய உறவு அல்லள்.

நம் வாதத்தின் மையம் இதுதான். முன்னுரிமை விண்ணப்பதாரருக்கு வழங்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது கடிதம் எழுதத் தகுதி பெற்ற நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது. எந்த விழாக் குழு, எந்தப் பல்கலைக்கழகம் ஒருவரை எழுத்தாளர் என்று ஒப்புகிறதோ, அவரே எழுத்தாளர். அழைக்க ஆளில்லாமல், எழுதவிருக்கும் நாவலுக்காக ஓர் ஊரின் தெருக்களைப் பார்க்கப் போகிறவர் வெறும் சுற்றுலாப் பயணி. அவர் வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். சிற்றிதழ் மரபில் வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. நிறுவனங்களின் முத்திரை இல்லாமலே நல்ல எழுத்து பிறந்து வாழ்ந்திருக்கிறது என்பதை நாம் நேரில் அறிந்தவர்கள்.

அடுத்தது, ஏற்கெனவே சென்று வந்தவருக்கே மீண்டும் கதவு திறக்கும் வழக்கம். அதே ரஷ்ய ஒப்பந்தத்தில் அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் 5 ஆண்டு வரை பலமுறை நுழையும் விசா உண்டு. அடிக்கடி பயணம் செய்யும் பண்பாட்டுத் துறையினருக்கு ஓராண்டு வரை, அதுவும் முந்தைய ஆண்டில் ஒரு விசாவாவது பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே. ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் இதே தர்க்கம்தான். 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென ஐரோப்பிய ஆணையம் அறிவித்த சலுகை, மூன்றாண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு உரியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் முதல் முறை விண்ணப்பிக்கும் கவிஞருக்கு அதில் ஒன்றுமில்லை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்புவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இச்சலுகைகள் பண்பாட்டின் மீதுள்ள அன்பினால் பிறந்தவை அல்ல. ரஷ்யாவுடனான விசா ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், அனுமதியின்றித் தங்கியோரைத் திருப்பி ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிய பண்டமாற்று அது. உக்ரைன் போரையடுத்து 2022 செப்டம்பரில் விசா ஒப்பந்தம் முழுமையாக நிறுத்திவைக்கப்பட்டது. போர் தொடுத்த அரசின்மீது எடுத்த நடவடிக்கையைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் ஒப்பந்தம் போனதோடு அப்போரை எதிர்த்த எழுத்தாளரின் முன்னுரிமையும் போயிற்று. மாற்றுக் கருத்தாளர்களுக்கும் சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மை. அது கருணை, உரிமை அன்று. தனிமனிதரின் முன்னுரிமை அரசுகளின் கணக்கேட்டில் எழுதப்பட்டிருக்கும் வரை இப்படித்தான் நேரும்.

வரையறை இல்லாவிட்டால் எவரும் தம்மை எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரையறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதைக்கொண்டு வரையறுப்பது என்பதில்தான் மாறுபடுகிறோம். வெளியான நூல், சிற்றிதழில் வந்த கதை, நூலகத்தில் இருக்கும் பிரதி ஆகியவையும் சான்றுகளே. அழைப்புக் கடிதத்தைச் சரிபார்க்க முடிகிற அதிகாரி ஒரு நூலையும் சரிபார்க்கலாம்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. யுனெஸ்கோ உடன்படிக்கையில் இணைந்த இந்தியா, இனி எந்த நாட்டோடு பயண ஒப்பந்தம் பேசினாலும் 16-ஆம் பிரிவை மேசைமேல் வைக்க வேண்டும். ‘முயல்வர்’ என்ற இடத்தில் ‘வழங்குவர்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கடிதத்துக்கு இணையாகப் படைப்பையும் சான்றாக ஏற்க வேண்டும். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கெனத் தனி வழி வேண்டும். வாசிப்புக்கும் உரைக்கும் கிடைக்கும் சிறு ஊதியத்தைக் குற்றமாகக் கருதக் கூடாது. உடன்பிறந்தாரும் உறவினர் என்று ஒப்ப வேண்டும். அப்படியே நம் நாட்டுக்கு வர விரும்பும் அயல் எழுத்தாளருக்கும் இவற்றை வழங்க நம் அரசு முன்வர வேண்டும். பிறரிடம் கேட்பதை நாம் மறுப்பது அறமாகாது.

இவை எழுதப்படாத வரை, எல்லைகள் இல்லை என்னும் வாசகத்தை மேடையில் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு: உங்களுக்குக் கடிதம் எழுதித் தந்தது யார்?