ஊருக்குக் கிளம்புமுன் வாளியைக் கவிழ்த்தாயிற்றா?

சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சல் வழக்கமாகக் கூடுவது மே முதல் அக்டோபர் வரை. நம்மில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதோ ஜூன் பள்ளி விடுமுறையில். பெட்டியின் எடையை நான்கு முறை பார்க்கிறோம். குளியலறை வாளியை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

2020இல் இங்கே 35,000க்கும் அதிகமானோரை டெங்கி பாதித்தது. 2022இல் மறுபடியும் 32,000ஐத் தாண்டியது. இத்தனைக்கும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு வீடாக வருகிறார்கள். 2016 முதல் வோல்பாக்கியா கிருமி கொண்ட ஆண் கொசுக்களையும் பறக்கவிடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுக்களின் முட்டை பொரிக்காது. (ஆண் கொசு கடிக்காது. மின்தூக்கி அருகே இரண்டைக் கண்டதும் புகார் சொல்லக் கைப்பேசியை எடுக்க வேண்டாம்!) ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரை யார் கொட்டுவது?

ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தேங்கிய நல்ல தண்ணீர், இருபது காசு நாணயம் அளவு இருந்தால் போதும். ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். நான்கு வாரம் ஊரில் இருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். நம் வீடுகளில் இடத்துக்கா பஞ்சம்? துளசித் தொட்டியின் கீழ்த்தட்டு, பூசையறைச் செம்பு, பூ மிதக்கவிட்ட உருளி, பழைய வீவக வீடுகளில் துணிக்கம்பு செருகும் குழாய். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் பிழைத்திருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

"நகர மன்றத்தில் சொல்லிப் புகை அடிக்கச் சொல்லலாமே" என்பவர்கள் உண்டு. புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; தட்டில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

நாம் ஊரில் இருக்கும்போது கடிபடுவது பக்கத்து வீட்டுத் தாத்தா. டெங்கிக் கிருமியில் நான்கு வகை. முன்பு ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் அதிகம். வயதானவர்களுக்கு இது விளையாட்டல்ல.

ஆகவே என் யோசனை இது. கொசு ஒழிப்புக்கென்று நம் சங்கம் இன்னொரு மேடை போட வேண்டாம். மே மாதத்தில் புளோக் வாரியாக, ஊருக்குப் போகும் குடும்பத்தையும் இங்கேயே இருக்கும் குடும்பத்தையும் சோடி சேர்த்துவிடுவோம். கிளம்பும் முதல் நாள் இருவரும் சேர்ந்து ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி கொடுப்பவர்கள், தட்டையும் கவனிக்கச் சொல்லிவிட்டுப் போகட்டும். டிசம்பரில் இடம் மாறிக்கொள்ளலாம். சீன, மலாய் அண்டைவீட்டாரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரு தளத்தில் நாலு தமிழ் வீடு மட்டும் வாளியைக் கவிழ்த்து என்ன பயன்? அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் புளோக்குக்கு நான் பெயர் கொடுக்கத் தயார்.