பிள்ளைகளே எழுதிப் பாடட்டும்

விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை புதிதல்ல. ஆண்டு விழாவில் ஆடுகிறார்கள்; 2022-ல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழாவில் வட்டார அளவு, மாவட்ட அளவு என்று போட்டியிட்டுப் பரிசு வாங்குகிறார்கள். ஆனால் அந்த மேடைகளில் அவர்கள் பாடுவது பெரும்பாலும் வேறு யாரோ எழுதிய பாட்டு, பேசுவது ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனம், ஆடுவது சினிமாக்காரர்கள் அமைத்த அடவு. பிள்ளையின் குரலும் உடம்பும் மேடை ஏறுகின்றன. பிள்ளையின் சொல் ஏறுவதில்லை. கதையைத் தாங்களே கட்டி, மெட்டுக்குத் தாங்களே சொல் வைத்து, வேடம் பிரித்து, முழு இசை நாடகம் ஒன்றை மாணவர்களே உருவாக்கி நடிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு இது ஒரு கூடுதல் அலங்காரமாக இல்லாமல், பள்ளி செய்தே தீர வேண்டிய வேலையாக ஆக வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

தமிழ் இசை நாடகத்துக்கும் பிள்ளைகளுக்குமான உறவு பழையது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி. க. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். கிட்டப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று எத்தனையோ பேர் சிறுவயதில் நாடக சபைகளில் ஏறி வளர்ந்தவர்கள். சிறுவர்களே நடித்த அந்த ‘பாய்ஸ் கம்பெனி’கள் தமிழுக்குப் பெரும் நடிகர்களைத் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாடக வரலாறு சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய நடிகர்கள் எழுதியதை மாற்றிப் பேசினார்கள், சொந்தச் சரக்கைச் சேர்த்தார்கள்; பிள்ளைகளோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடி ஒப்பித்தார்கள். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். அந்த மேதைமைக்கு ஈடு கிடையாது. ஆனால் எழுதும் கை ஒன்று, பாடும் வாய்கள் பல என்பதுதான் அந்த அமைப்பு. வீட்டையும் பள்ளியையும் விட்டு வந்த சிறுவர்கள் கடும் கட்டுப்பாட்டில் வாழ்ந்து, இரவெல்லாம் விழித்து நடித்தார்கள். அவர்கள் கலைஞர்கள், கூடவே உழைப்பாளிகள்.

இதே காலத்தில், 1920-களில், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. அங்கும் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். விடியுமுன் கிராமம் கிராமமாக வந்து நின்ற கம்பெனிப் பேருந்துகளில் ஏறிப் போய், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் திரி வைக்கவும் செய்த பிள்ளைகளின் நிலை 1980-களில் நாடு முழுவதும் பேசப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியத் திட்டமும் சிறப்புப் பள்ளிகளும் வந்தன. சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தோடு ஆசிரியர்களும் தொண்டர்களும் பெற்றோரும் சேர்ந்து பாடுபட்டதால்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். கையை வேலையிலிருந்து விடுவித்தாயிற்று. ஆனால் பாய்ஸ் கம்பெனியும் தீப்பெட்டி ஆலையும் பிள்ளையிடம் எதிர்பார்த்த ஒரு குணத்தை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் குணத்தை, பள்ளியும் இன்னும் எதிர்பார்க்கிறது. அதிலிருந்தும் பிள்ளையை விடுவிப்பதே மிச்சமிருக்கும் வேலை.

அதற்கான கருவி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. 1886-ல் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் அதை நூறாண்டுக்கு முன்பே பயன்படுத்திக் காட்டினார். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடம் வரும். எல்லா ஊரிலும் எல்லா நடிகரும் பாடும் பழைய இடம் அது. அங்கே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டைப் பாடி, வெள்ளையர் ஆட்சியை விரட்டச் சொன்னார். கேட்டவர்களுக்குப் புரிந்தது; காவல் துறைக்கும் புரிந்தது. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். அவர் கதையை மாற்றவில்லை. கதைக்குள் தன் காலத்துச் சொல்லுக்கு இடம் கண்டார். இன்றைக்கும் விருதுநகர், மதுரை வட்டாரக் கோயில் பொங்கல்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் இந்த இடம் திறந்தே இருக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. கதையின் கட்டு எல்லோருக்கும் தெரியும். தர்க்கத்தில் என்ன கேட்பது, என்ன பதில் சொல்வது என்பதை அன்றைய இரவே முடிவு செய்கிறது. ஆர்மோனியம் பின்தொடர, மிருதங்கம் நிரவ, பபூன் ஊர்ச் செய்தியை உள்ளே கொண்டுவருகிறார். கட்டு பொது, சொல் தன்னுடையது என்னும் இந்த முறையைவிடப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான படைப்புப் பயிற்சி வேறு இல்லை.

உலக அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. இங்கிலாந்தின் ஆல்டிபரோவில் 1949-ல் பெஞ்சமின் பிரிட்டன் ஒரு மேடை நிகழ்ச்சியை அரங்கேற்றினார். முதல் பாதியில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓர் இசை நாடகம் உருவாக்குவதைக் காட்டிவிட்டு, பிறகு அந்த நாடகத்தையே நடிக்க வைத்தார். அதன் கதை, வறுமையால் விற்கப்பட்டுப் புகைக்கூண்டுக்குள் ஏறிச் சுத்தம் செய்யும் ஒரு சிறுவனை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுவது. பார்வையாளர்களும் பாட்டில் சேர்ந்துகொள்ள வேண்டும். சிவகாசிக்காரர் யாருக்கும் அந்தக் கதை அந்நியமாகப் படாது. ஆனாலும் அதன் வரிகளையும் இசையையும் பெரியவர்களே எழுதினார்கள்; பிள்ளைகள் படைப்பதாக நடித்தார்கள். அடுத்த படி பின்னர் வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா கில்டு, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பே ஒரு நாடகக் குழுவாக மாறும் முறையைப் பரப்பியது. எழுதுவோர், இசையமைப்போர், தச்சு வேலை செய்வோர், விளக்குப் போடுவோர், ஒப்பனை செய்வோர், விளம்பரம் எழுதுவோர், நடிப்போர் எல்லோரும் மாணவர்களே. ஆசிரியர் கேள்வி கேட்பார். பதிலை எழுதித் தர மாட்டார். நமக்கு வேண்டியது அவர்களுடைய இசை அல்ல, இந்த ஒழுங்கு.

நம் பள்ளியில் இது எப்படி நடக்கும்? ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் எதைப் பற்றி என்று பேசி முடிவெடுக்கட்டும். பிறகு யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்று காட்சிகளை வரிசைப்படுத்தட்டும். வசனத்தை எழுதுவதற்கு முன் வாயால் பேசிப் பார்க்கட்டும்; நன்றாக வந்ததை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். மெட்டுக்கு அலைய வேண்டாம். கும்மியும் ஒயிலாட்டமும் தாலாட்டும் ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வந்த மெட்டில் புதிய சொல் வைக்கும்போது, சொல் நீண்டால் தாளம் இடறும், குறைந்தால் தொங்கும் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறது. எட்டுப் பத்து வாரத்தில், வாரம் இரண்டு பாடவேளையில், அரைமணி நேர நாடகம் ஒன்று எழும். பாடத் தெரியாதவருக்குத் தாளம், பேசக் கூசுபவருக்குத் திரை, கணக்கில் கெட்டிக்காரருக்குச் செலவுக் கணக்கு என்று வகுப்பில் ஒருவரும் வேடிக்கை பார்க்கும் நிலை வராது. அட்டையும் வண்ணத் தாளும் நாட்காட்டியும் உருவாகும் ஊரில் மேடைப் பொருளுக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் நாடகப் பாட்டுப் புத்தகங்கள் காலணா அரையணாவுக்கு விற்றன. பிள்ளைகளின் பாட்டுப் புத்தகத்தை அச்சடிக்கச் சிவகாசி அச்சகங்கள் போதும்.

மதிப்பெண் என்னவாகும் என்பதே முதல் எதிர்ப்பாக வரும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது; அந்தப் பெருமையை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. கந்தகத்திலிருந்து பல குடும்பங்கள் கரையேறியது அந்த மதிப்பெண்ணால்தான். ஆனால் செய்யுளை அசை பிரித்து அலகிட்டு வாய்பாடு எழுதும் கேள்விக்கு நேர், நிரை என்று மனப்பாடம் செய்து திணறும் மாணவர், மெட்டுக்குச் சொல் வைத்துப் பழகியிருந்தால் அதே இலக்கணத்தைக் காதால் அறிந்திருப்பார். எதுகையும் மோனையும் அவருக்குத் தேவையாகவே வந்திருக்கும். கலைக் கல்வி பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்டக் குழுக்கள் பரிந்துரைத்ததும் இந்த அறிவோடுதான். தவிர, பொதுத் தேர்வு எழுதாத ஏழாம், எட்டாம் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளை எந்தத் தேர்ச்சி விகிதத்தையும் சரித்துவிடாது.

ஆசிரியர் எங்கே என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. ஓவியம், இசை, உடற்கல்வி போன்றவற்றுக்காக 2011-ல் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமிக்க அரசு முடிவெடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கலையை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதை அந்தப் போராட்டமே சொல்லும். அவர்களுக்கு உரியதைக் கொடுப்பதே முதல் படி. அடுத்த படி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைப்பது. பங்குனி முதல் ஆடி வரை அவர்களுக்குக் கோயில் மேடைகள் நெருக்கமாக இருக்கும், பிறகு குறைந்துவிடும். பள்ளியில் இரண்டாம் பருவமும் மூன்றாம் பருவமும் நடக்கும் அந்த மாதங்களில் மதிப்பூதியத்தோடு அவர்களை அமர்த்தினால், பிள்ளைக்கு ஆசான் கிடைப்பார், கலைஞருக்கு வருமானமும் மரியாதையும் கிடைக்கும். கூத்தாடி என்ற இழிசொல்லைச் சுமந்து வாழும் ஒருவரை “ஐயா”, “அம்மா” என்று வகுப்பறையில் பிள்ளைகள் அழைப்பதே ஒரு பாடம். விஸ்வநாததாஸ் பிறந்த, முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்தவர்கள் இருந்த மேடை அது. யார் ராஜா, யார் சேவகன் என்பதை வகுப்பே பேசித் தீர்க்கும்போது அந்தப் பழைய கணக்கும் கேள்விக்கு உள்ளாகும்.

மிகக் கனமான எதிர்ப்பு இன்னொன்று உண்டு. பிள்ளைகள் விபத்தைப் பற்றிப் பாடத் தொடங்கினால்? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும், அதன் பின்னும் நடந்த வெடிவிபத்துகளில் தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைகள் இதே வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் துயரத்தை மேடையில் விற்பனைக்கு வைப்பதா என்று ஒருவர் கேட்கலாம். பல லட்சம் பேருக்குச் சோறு போடும் தொழிலைப் பழிப்பதா என்று இன்னொருவர் கேட்கலாம். இருவருக்கும் ஒரே பதில்: பட்டாசைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சொல்வதும் ஒரு கட்டளை, எழுதக் கூடாது என்பதும் ஒரு கட்டளை. இரண்டையும் பள்ளி செய்யக் கூடாது. பேய்க் கதையோ, கண்மாயில் தொலைந்த ஆடோ, கிரிக்கெட் சண்டையோ அவர்கள் விருப்பம். அதே சமயம், சரம் பின்னும் அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை பாட வந்தால் அந்தச் சொல்லுக்கு இடம் வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் வைப்பது, உள்குத்தகைக்கு விடுவது, மரத்தடியில் மருந்து கலப்பது என்று விபத்துக்குப் பின் அறிக்கைகளில் வரும் காரணங்கள் எல்லாம் அந்தப் பிள்ளையின் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பேசப்படுபவை. அதைப் பொதுவில் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை தொழிலாளியாகவோ ஃபோர்மேனாகவோ முதலாளியாகவோ அதிகாரியாகவோ ஆனாலும், தவறைக் கண்டால் வாய் திறக்கும். தொழிலுக்கு அது பகையல்ல, பாதுகாப்பு.

செய்ய வேண்டியது பெரிதல்ல. கலைத் திருவிழாவில் ‘மாணவர் படைத்த இசை நாடகம்’ என்று தனிப் பிரிவு ஒன்று வரட்டும். அதில் பரிசுக்கான முதல் நிபந்தனை, கதையும் பாட்டும் மாணவர்களுடையவை என்பதாக இருக்கட்டும். எழுதித் திருத்திய தாள்களையும் நடுவர்கள் பார்க்கட்டும். மாவட்ட நிர்வாகம் முதலில் சிவகாசி, வெம்பக்கோட்டை ஒன்றியங்களில் பத்துப் பள்ளிகளில் தொடங்கட்டும்; போட்டிக்கு முன் அந்தந்த ஊர் மந்தையில் நாடகம் நடக்கட்டும், பெற்றோர் முதல் பார்வையாளர்களாகட்டும். பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதிய பிள்ளைகளின் பெயர்கள் அச்சாகட்டும். நாடு முழுவதும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளையும் பிள்ளைகள் எழுதும் நோட்டுகளையும் அச்சிடும் ஊர், தன் பிள்ளைகளின் சொல்லை இன்னும் அச்சேற்றாமல் இருப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைக்கு இந்த மாவட்டம் எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்தால் தனக்கென்று ஒன்றைப் படைக்கும் உரிமையையும் கொடுத்தால்தான் அந்த மீட்பு முழுமை பெறும்.