முத்துத் தீவும் வன்னி மரமும்

அகதியாகப் புறப்பட்டவர்களுக்குப் பயணம் என்ற சொல் நெடுங்காலம் இனிமையானதாக இருந்ததில்லை. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்ததும் பயணந்தான். வவுனியாவில் பாஸுக்காக வரிசையில் நின்றதும் பயணந்தான். காணியை ஈடுவைத்த பணத்தை முகவரின் கையிற் கொடுத்துவிட்டு, எந்த நாட்டில் இறங்கப்போகிறோம் என்று அறியாமல் விமானம் ஏறியதும் பயணந்தான். பார்ப்பதற்காக மட்டும் ஓரிடத்துக்குப் போவது என்பதை எம்மவரிற் பலர் இப்போதுதான் பழகி வருகின்றனர். அப்படிப் பழகிய நான்கு நாட்களைப் பற்றி இவ்வாரம் வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

எமது மைத்துனர் ஒருவர் பஹ்ரேன் நாட்டின் ஈசா டவுனில் பல ஆண்டுகளாகக் கணக்காளராகப் பணியாற்றுகிறார். சென்ற தை மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் அவரிடம் தங்கினோம். ஈசா டவுன் பழைய ஊரன்று. 1961 முதல் 1999 வரை அந்நாட்டை ஆண்ட ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீஃபாவின் பெயரால், 1960-களில் வீடற்ற குடும்பங்களுக்காகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகரம். நேரான வீதிகள், தாழ்ந்த மதில்கள், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பேரீச்சை மரங்கள். அங்குள்ள இந்தியப் பாடசாலைக்குப் பிள்ளைகளை இறக்க வரும் பெற்றோரிடையே காலையில் தமிழும் கேட்கிறது.

மைத்துனருக்கு வேலை நாள். எனவே எம்மை வாடகைக் கார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"பயப்பிடாமல் ஓடுங்கோ அத்தான். இது சின்னத் தீவு. வழி தவறினாலும் கடைசியிலை கடல்தான் வரும்."

அவர் சொன்னது உண்மை. பஹ்ரேனின் மொத்த நிலப்பரப்பு சுமார் 780 சதுர கிலோமீற்றர். எமது யாழ்ப்பாண மாவட்டம் இதைவிடப் பெரியது. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், சர்வதேச அனுமதிப்பத்திரம், கடனட்டை ஆகியவற்றைக் காட்டியதும் அரை மணி நேரத்தில் சாவி கைக்கு வந்தது. இலண்டனிலிருந்து செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: அங்கே வாகனம் ஓடுவது வீதியின் வலப்பக்கத்தில். 1967 வரை அவர்களும் எம்மூரைப் போல இடப்பக்கத்தில் ஓடியவர்களே.

முதல் சுற்றுவட்டத்தை அண்மித்தபோது, ஓரத்தில் காவற்றுறை வாகனம் ஒன்று நிற்பதைக் கண்டோம். எமது கை தானாகவே சட்டைப்பைக்குச் சென்று அடையாளப் பத்திரத்தைத் தேடிற்று. உள்ளே இருந்தவர் எம்மை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மனம் மறந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம், கை மறக்கவில்லை.

ஈசா டவுனிலிருந்து மேற்கே சில நிமிடங்கள் ஓடினால் ஆலி என்ற ஊர். அங்கே வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே, மாடி வீட்டின் உயரத்துக்கு மண்மேடுகள் எழுந்து நிற்கின்றன. அவை கல்லறைகள். கி.மு. 2200-க்கும் கி.மு. 1750-க்கும் இடைப்பட்ட காலத்தில் தில்முன் என்ற நாகரிகத்தைச் சேர்ந்த மக்கள் தம் இறந்தோருக்குக் கட்டியவை. தீவின் மேற்குப் பகுதியில் எஞ்சியுள்ளவற்றுள் 11,774 மேடுகள் 2019-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பெரியவை அரச குலத்தவர்களுடையவை. மற்றவை சாதாரண மக்களுடையவை. வீதிகளுக்கும் குடியிருப்புகளுக்குமாக அழிக்கப்பட்ட மேடுகளும் ஏராளம். ஆலியில் இன்றும் குயவர்கள் மட்பாண்டம் வனைகின்றனர். அவர்களது சூளைகள் சில அம்மேடுகளையே குடைந்து அமைக்கப்பட்டிருந்தன.

இவ்வளவு சிறிய தீவில் இத்தனை கல்லறைகள் ஏன் என்ற கேள்வி அறிஞரை நெடுநாள் மயக்கிற்று. இங்கே மக்கள் வாழ்ந்திருக்கவே மாட்டார்கள், அயல் நிலத்தார் பிணங்களைக் கொண்டுவந்து புதைத்த தீவு இது என்று சிலர் எழுதினர். 1953-இல் பி. வி. குளோப், ஜெஃப்ரி பிபி ஆகியோரின் தலைமையில் டென்மார்க்கிலிருந்து வந்த குழுவினர் மண்ணைத் தோண்டினர். வடகரையில் மதில் சூழ்ந்த நகரம் வெளிப்பட்டது. பார்பார் என்ற கிராமத்தில் கோயில் வெளிப்பட்டது. இறந்தவர்கள் அத்தீவின் சொந்த மக்களே என்பது தெளிவாயிற்று. தோண்டிப் பார்க்காதவரை ஒரு மக்களின் வரலாற்றை எவரும் எவ்வாறும் எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அந்த நகரம் இருந்த மேடுதான் கல்அத் அல் பஹ்ரேன், அதாவது பஹ்ரேன் கோட்டை. ஆலியிலிருந்து வடக்கே, பேரீச்சந் தோட்டங்களினூடாகச் சென்றால் கடலோரத்தில் அது தென்படும். மேலே நிற்பது 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பெருப்பித்த கோட்டை. அதன் கீழே கி.மு. 2300 அளவிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக நகரங்கள் புதைந்து கிடக்கின்றன. சிந்துவெளியில் வழங்கிய எடைக்கற்கள் இங்கே கிடைத்துள்ளன. ஓமான் பக்கத்துச் செம்பு இத்தீவின் வழியாகவே ஊர் என்ற பண்டைய ஈராக்கிய நகருக்குச் சென்றது. பிற்காலத்து மாளிகை ஒன்றின் தரையின் கீழ், மட்கலங்களில் இட்டுப் புதைத்த பாம்புகளின் எலும்புகளும் கிடைத்தன. சில கலங்களில் மணிகளும் ஒன்றில் முத்தும் இருந்தன. நாகதம்பிரானுக்குப் பால் வைத்த ஊரிற் பிறந்தவர்கள் இதைக் கண்டு சற்று நின்றுதான் நகர்வர். இதைக்கொண்டு உறவுமுறை கற்பிக்க நாம் வரவில்லை. கண்டதைச் சொல்கிறோம்.

போர்த்துக்கேயரின் அந்தச் சுவரைத் தொட்டபோது மன்னார்க் கோட்டையும் யாழ்ப்பாணக் கோட்டையும் நினைவுக்கு வந்தன. ஒரே நூற்றாண்டில், ஒரே கொடியோடு வந்தவர்கள் இரு கடல்களிலும் இறங்கினர். அவர்களை இழுத்தவற்றுள் முத்தும் ஒன்று.

மறுநாள் முஹர்ரக் சென்றோம். தலைநகர் மனாமாவிலிருந்து கடல்மேற் பாலத்தைக் கடந்தால் அத்தீவு. அங்கே முத்துக் குளிப்போரின் வீடுகள், வணிகரின் மாளிகைகள், கரையிலுள்ள சிறு கோட்டை, கடலுக்குள் உள்ள மூன்று முத்துப் படுக்கைகள் ஆகிய எல்லாவற்றையும் இணைத்து 'முத்துப் பாதை' என்று காத்து வருகின்றனர். 2012-இல் அதுவும் உலக மரபுரிமையாயிற்று. காரை ஓரமாக விட்டுவிட்டு மூன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். ஒடுங்கிய ஒழுங்கைகள், பவளக்கல்லால் எழுப்பிய சுவர்கள். எமது தீவுப்பகுதி வீடுகளின் சுவர்களிலும் கடற்கல் உண்டு என்பதால் அந்நியம் தோன்றவில்லை.

கோடைக்காலத்தின் நான்கு மாதங்கள் அவர்கள் கடலிலேயே கிடந்தனர். காலிற் கல்லைக் கட்டி, மூக்கைக் கவ்வியால் அடைத்து, கழுத்திற் கூடையோடு இறங்குவார் ஒருவர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பார் மற்றொருவர். கூலி கிடையாது. முற்பணம் உண்டு. குளிப்பு வாய்க்காத ஆண்டில் முற்பணம் கடனாகும். கடன் அடுத்த ஆண்டுக்குத் தாவும். தந்தை இறந்தால் மகனின் தலையில் ஏறும். 1920-களில் கணக்கெழுதி வைக்கவேண்டும் என்று சட்டம் வரும்வரை, எவ்வளவு கடன் என்பதைக் கடன் கொடுத்தவரே சொல்வார்.

இதை வாசித்துக்கொண்டு நின்றபோது மைத்துனர் முதல் நாளிரவு சொன்னது நினைவுக்கு வந்தது. எம்மூர்ப் பிள்ளைகளும் மலையகத்துப் பெண்களும் முகவருக்குக் கடன்பட்டே இன்றும் வளைகுடாவுக்கு வருகின்றனர். முதலாண்டுச் சம்பளம் கடனுக்கே போய்விடுகிறது. நாம் வாடகைக் காரில் தடையின்றிச் சுற்றிய அதே வீதியில், வேலைத்தலத்துக்குச் செல்லும் பேருந்துகளின் சாளரத்தில் தலைசாய்த்து உறங்கியவர்களைக் கண்டோம். அத்தீவில் எமக்கிருந்த சுதந்திரம் எமது கெட்டித்தனத்தால் வந்ததன்று. எமது கையிலிருந்த கடவுச்சீட்டால் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எமக்கும் அது இருக்கவில்லை.

முத்துக்கு இரண்டு கடல்கள் பேர்பெற்றவை என்பதை அங்குள்ளோர் அறிந்திருக்கின்றனர்: அவர்களது வளைகுடா ஒன்று, எமது மன்னார் வளைகுடா மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வளைகுடாவிலிருந்து அராபியக் குளிப்போரும் வந்து எம்மவரோடு இறங்கினர். 1906-இல் அப்படுக்கைகள் இலண்டன் நிறுவனமொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே முத்தும் இல்லை, நிறுவனமும் இல்லை. பஹ்ரேனின் முத்தை 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் யப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து வீழ்த்தின. ஆனால் அவர்கள் அந்த நினைவை விடவில்லை. வளர்ப்பு முத்தை விற்க அந்நாட்டில் தடை உண்டு. எமது பக்கம், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் ஃபிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகை கடலரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அக்கரையோரத்து முஸ்லிம் மக்கள் 1990-இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நீண்டகாலம் அகதிகளாயினர். அகதி என்ற சொல் எமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இவ்விடத்தில் எழுதாமல் விடுவது முறையன்று.

மூன்றாம் நாள் தெற்கே ஓடினோம். தோட்டங்கள் மறைந்து, வெண்மணலும் எண்ணெய்க் குழாய்களுமாக நிலம் மாறிற்று. ஜெபல் துகான் குன்றின் அடியில் 1932-இல் எண்ணெய் கண்ட முதற் கிணறு இருக்கிறது. வளைகுடாவின் அராபியக் கரையில் எண்ணெய் வெளிப்பட்டது அங்கேதான் முதன்முதல். முத்துக்குளிப்பு நொடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. குளிப்போர் பலர் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போயினர்.

அங்கிருந்து சிறிது தூரத்தில், வேறு மரமே இல்லாத வெளியில் ஒற்றை மரம் நிற்கிறது. வாழ்வு மரம் என்பது அதன் பெயர். உயரம் பத்து மீற்றருக்குச் சற்றுக் குறைவு; வயது நானூறு ஆண்டுகளுக்கு மேல். கிளைகள் மணலைத் தொடும்படி பரந்திருக்கின்றன. சுற்றி வேலியிட்டுள்ளனர். ஆழத்தில் ஓடிய வேர்களே அதனைக் காக்கின்றன என்பர். இலையை உற்றுப் பார்த்த எமது துணைவியார்தான் முதலிற் சொன்னார்:

"இது எங்கடை வன்னி மரமெல்லோ."

பெயர்ப்பலகையிலிருந்த தாவரவியற் பெயரும் அதையே உறுதிப்படுத்திற்று. விசயதசமியன்று வாழையோடு சேர்த்து நாட்டி மானம்பூவுக்கு வெட்டும் அதே வன்னி. கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. ஆனால் எம்மவருக்கு வன்னி என்பது மரத்தின் பெயர் மட்டுமன்று. 2009-இன் பின் அச்சொல்லைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்கிறது. துணைவியார் வேலியோரம் நின்றார். நாம் ஏதும் கேட்கவில்லை. அவரது தம்பியார் அங்கேதான் இறுதியாகக் காணப்பட்டார். சிறிது நேரத்தின் பின் அவரே, "வாங்கோ, வெயில் ஏறுது" என்று காருக்குத் திரும்பினார்.

திரும்பும் வழியில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அயலார் தேசத்தின் நாலாயிரம் ஆண்டு வரலாற்றை மூன்று நாட்களிற் பார்த்துவிட்டோம். எமது பிள்ளைகள் ஊருக்குப் போனபோது எதைப் பார்த்தனர்? நல்லூரும் உறவினர் வீடுகளும் கொழும்புக் கடைகளுமே. மன்னாரில் மாந்தை என்ற பண்டைய துறைமுகம் இருக்கிறது. இதே வளைகுடாவின் மட்பாண்டங்களும் சீனத்துப் பாண்டங்களும் அங்கே கிடைத்தன. 1980-இல் தொடங்கிய அகழ்வு 1984-இல் போரால் நின்றது. போர் முடிந்தபின் சிறிது தொடர்ந்தது. பஹ்ரேனில் தோண்டியவர்களுக்குக் கிடைத்த அமைதியான ஆண்டுகள் மாந்தையில் தோண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாம் பிறந்த நாட்டுக்கும் இன்று எம்மிற் பலர் வீசாவோடும் வாடகை வானோடுந்தான் போகிறோம். அது வலிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வலிக்கிறது என்பதற்காகப் பார்க்காமல் வந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அங்கே காட்டவும் எவரும் இருக்கமாட்டார். அடுத்த முறை ஊர் செல்வோர் ஒரு நாளை ஒதுக்குங்கள். வானை மன்னார் வீதியில் திருப்பச் சொல்லுங்கள். மாந்தையையும் அரிப்பையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அருகில் வாழும் முதியவர் ஒருவரோடு பேசவையுங்கள்.

வழியில் பஹ்ரேனில் இறங்க எண்ணுவோர் கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையிற் செல்வது நன்று. கோடை வெயில் தாங்கமுடியாதது. சவூதிக்குச் செல்லும் நெடும் பாலத்தில் வாடகைக் காரைக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். எண்ணெய் நிலையங்களைப் படம்பிடிக்கக் கூடாது.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது எத்தனை கிலோமீற்றர் என்று மைத்துனர் கேட்டார். முந்நூறுக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் போய்த் திரும்பும் தூரம் அதைவிடக் குறைவுதான். பதினெட்டு வயதில் நாம் போக விரும்பியும் வீதி மூடப்பட்டிருந்ததால் போகாத தூரம் அது.