ஆங்கில ஒலிப்பும் நம் நாவும்

சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டை இரயில் நிலையம் நோக்கி நடப்போர் கண்ணில், சில நாள்களில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதாக உறுதிகூறும் விளம்பரம் ஒன்றேனும் படாமல் இராது. அவ்விளம்பரங்களை நாம் குறைகூற முற்படவில்லை. தேவை உள்ள இடத்தில் கடை திறக்கப்படுவது உலக இயல்பு. ஆனால், பிழையின்றிப் பேசுவதோடு அமெரிக்கரைப் போலவும் ஆங்கிலேயரைப் போலவும் ஒலிக்கச் செய்வோம் என்னும் வாக்குறுதியும் இப்போது அவற்றோடு சேர்ந்து வருகிறது. இதைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம். தமிழ்த்துறை மலரில் ஆங்கில ஒலிப்புக்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். நம் மாணவர் ஆங்கிலம் பேசத் தொடங்கும்போது அதனை ஒலிப்பது அவர்தம் தமிழ் நாவே. ஆதலின் இது தமிழாசிரியர்க்கும் உரிய பொருளே ஆகும்.

சென்ற ஆண்டு எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வு ஒன்றுக்குச் சென்று திரும்பினார். தமிழ்வழியில் படித்து வந்தவர். தம் பாடத்தில் வல்லவர். "கேட்டவற்றுக்கெல்லாம் விடை தெரியும் ஐயா. முதல் வாக்கியத்தைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரித்தார். அதன்பின் எனக்கு வாய் எழவில்லை" என்றார். அவர் இழந்தது ஒரு வேலை மட்டுமாயின் வருத்தம் சிறிது. அடுத்த இரு தேர்வுகளுக்கு அவர் செல்லவே இல்லை என்பதுதான் எம்மை வருத்தியது. இத்தகைய மௌனம் நம் வகுப்பறைகளில் பல இருக்கைகளில் அமர்ந்திருக்கிறது.

இம்மாணவர்க்கு இருவகை அறிவுரைகள் கிடைக்கின்றன. 'உன் பேச்சை அடியோடு மாற்று' என்பர் ஒரு சாரார். 'ஆங்கிலேயர் போய்விட்டனர், எப்படிப் பேசினால் என்ன?' என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பிழை என்பது எம் துணிபு. ஒலிப்பு என்பது வேறு. பேச்சுச் சாயல் என்பது வேறு. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாகக் கேட்போர் மயங்காதவாறு ஒலிப்பது முதலாவது. பேசுபவர் எந்த ஊரினர், எம்மொழியினர் என்பதைக் காட்டும் குரலின் வண்ணம் இரண்டாவது. முன்னதைத் திருத்திக்கொள்ளல் கடமை. பின்னதைக் குறித்து நாணுதல் வேண்டா.

முதலில், நம்மவர் ஒலிப்பில் நேரும் பிழைகள் எங்கிருந்து பிறக்கின்றன எனக் காண்போம். நம் முகவரியையே எடுத்துக்கொள்வோம். சிட்லபாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. 'பாக்கம்' என்று தனித்துச் சொல்லும்போது பகரம் வல்லோசையோடு ஒலிக்கிறது. 'தாம்பரம்' என்பதில் மகர மெய்யை அடுத்து நிற்பதால் அதே பகரம் மெலிந்து ஒலிக்கிறது. அண்டையிலுள்ள மேடவாக்கத்திலோ அது வகரமாகவே ஆகிவிட்டது. தமிழில் எழுத்து நிற்கும் இடமே அதன் ஒலியைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆகவே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரின் பொருளே மாறும். கரடிக்குரிய ஆங்கிலச் சொல்லையும் பேரிக்காய்க்குரிய ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்' என்றே அமையும். நகலும் 'காப்பி', நாம் பருகுவதும் 'காப்பி'. அலுவலகத்தில் நகல் கேட்டவர்க்குக் குடிக்கும் காப்பி வந்து சேர்ந்தால் குறை கொண்டுவந்தவரிடம் இல்லை.

'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேஷன்' என்றும் சொல்பவரை நகைப்பது எளிது. ஆனால், ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்னும் மரபினாலன்றோ 'இராமன்' என்றும் 'உலோகம்' என்றும் எழுதினோம்? தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. ஆகவே 'ஸ்' என்னும் மெய்க்கு முன் நாக்கு தானே ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. எகர ஏகாரங்களுக்கு முன் யகரமும், ஒகர ஓகாரங்களுக்கு முன் வகரமும் நம் பேச்சில் இயல்பாகப் புகுவதால் 'எக்ஸாம்' என்பது 'யெக்ஸாம்' ஆகிறது. 'ஓப்பன்' என்பது 'வோப்பன்' ஆகிறது. இவை அறியாமையின் விளைவுகள் அல்ல. ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொரு மொழியில் வைத்து நடப்பதன் விளைவுகள். காரணம் தெரிந்துவிட்டால் வெட்கம் குறையும். வெட்கம் குறைந்தால் திருத்தமும் விரைவில் வரும்.

எனினும், தனி ஒலிகளைக் காட்டிலும் பெரிய இடர் சொல்லழுத்தத்தில் உள்ளது. ஐதராபாத்தில் 1958இல் தொடங்கப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனம், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எந்த அளவு விளங்குகிறது என்பது குறித்து ஆர்.கே.பன்சல் செய்த ஆய்வை 1969இல் நூலாக வெளியிட்டது. கேட்போர் பொருள் விளங்காது திகைப்பதற்குத் தவறான அழுத்தமும் ஒரு முதன்மையான காரணம் என்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. 'போட்டோகிராப்' என்னும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில். 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாம் அசையில். 'போட்டோகிராபிக்' என்பதில் மூன்றாம் அசையில். 'ஹோட்டல்', 'டெவலப்' ஆகிய சொற்களில் இரண்டாம் அசையே அழுத்தம் பெறவேண்டியது. நாமோ பெரும்பாலும் முதல் அசையை உயர்த்தி, ஏனையவற்றை ஒரே சீராக ஒலிக்கிறோம்.

அழுத்தம் பெறாத அசைகளை ஆங்கிலம் குறுக்கிவிடும். இது நமக்கு விளங்காத புதுமையன்று. 'பாக்கு', 'நாடு' என்னும் சொற்களின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையில் குறைந்து அரை மாத்திரையாய் ஒலிப்பதைக் குற்றியலுகரம் எனப் பெயரிட்டுப் படித்தவர்கள் நாம். தமிழில் சில இடங்களில் நிகழும் அக்குறுக்கம் ஆங்கிலத்தில் சொல்லின் எவ்விடத்திலும் நிகழக்கூடும் என்று ஒரு தமிழாசிரியர் சொன்னால், மாணவர்க்கு அது ஒரு வகுப்பிலேயே விளங்கும். எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் உதடு, பல், நா ஆகியவற்றின் முயற்சியையும் விரித்துரைக்கும் பிறப்பியல் என்னும் பகுதி தொல்காப்பியத்திலேயே உண்டு. ஒலிப்புப் பயிற்சிக்கான அடித்தளம் நம் இலக்கண வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதனைத் தேர்வுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

நம் சமுதாயத்திற்கு இதில் மற்றொரு பட்டறிவும் உண்டு. மக்தபில் குர்ஆன் ஓதக் கற்கும் சிறுவனுக்கு ஹஜ்ரத் அவர்கள் முதலில் கற்பிப்பது எழுத்துகள் பிறக்கும் இடங்களையே. ஸீனும் ஸாதும் தமிழ்ச் செவிக்கு ஒன்றுபோல் தோன்றும். ஐன் என்னும் எழுத்தின் ஒலி தமிழில் இல்லவே இல்லை. அவர் ஓதிக்காட்ட, சிறுவன் திரும்ப ஓத, பிழைத்தால் மீண்டும் ஓதச் செய்கிறார். அங்கு எவரும் நகைப்பதில்லை. சில மாதங்களில் அவன் நா திருந்திவிடுகிறது. வீடு திரும்பியதும் தாயிடம் அவன் பேசுவது பழைய தமிழைத்தான். புதிய ஒலியைக் கற்க இருக்கும் குரலைத் துறக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோரும், அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். எம்மொழியின் ஒலியும் சிதையலாகாது என்னும் அக்கறை அவர்களிடம் இருந்தது. வேத வசனத்தில் ஓர் எழுத்தும் பிறழ இடமில்லை. ஆங்கிலமோ உலகியல் வழக்குக்குரிய மொழி, அதற்கு அத்துணைக் கண்டிப்பு வேண்டா. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அங்குள்ள பயிற்றும் முறையை.

இனி, சாயலைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்திற்கு ஒரே சாயல் உண்டு என எண்ணுவது பிழை. ஸ்காட்லாந்தினர் பேச்சு ஒருவகை. ஆஸ்திரேலியர் பேச்சு மற்றொரு வகை. பழைய பாடநூல்கள் முன்மாதிரியாகக் காட்டிய பேச்சுமுறையை இங்கிலாந்திலேயே சிறுபான்மையினர்தாம் பேசுகின்றனர். போலந்து மரபில் பிறந்து, இருபது வயதுக்குப்பின் ஆங்கிலம் கற்ற ஜோசப் கான்ராட் அம்மொழியின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவரானார். அவர் பேச்சிலோ இறுதிவரை அயல்நாட்டுச் சாயல் அழுத்தமாக இருந்தது. நம் நாட்டிலும் சான்று உண்டு. கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869இல் எளிய குடும்பத்தில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார் கும்பகோணத்தில் பயின்று, திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். பின்னாளில் ஆங்கிலேயரே அவர்தம் ஆங்கிலத்தை வியந்து, 'வெள்ளி நாவினர்' எனப் புகழ்ந்தனர். அத்தெளிவுக்கு அடித்தளம் இட்டது தமிழ்நாட்டு வகுப்பறையே.

இதற்கு மாறான காட்சியையும் கண்டோம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்திய நகரங்களில் பெருகிய அழைப்பு மையங்களில், இளைஞர் பலர் மேல்நாட்டுப் பெயர்களைப் புனைந்துகொண்டு, அந்நாட்டினர் போலவே பேசப் பழக்கப்பட்டனர். பிழைப்புக்காக அவ்வாறு செய்தவரை நாம் பழிக்கவில்லை. பெயரையும் குரலையும் மறைத்துக்கொண்டால்தான் மதிப்பு எனும் எண்ணம் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் படிந்துவிடக்கூடாது என்பதே எம் கவலை.

'நேர்முகத் தேர்வில் சாயலையும் பார்க்கிறார்களே' என்று பெற்றோர் கேட்கலாம். உண்மையே, சிலர் பார்க்கின்றனர். ஆயினும், தெளிவில்லாத பேச்சின்மேல் பூசிய அயற்சாயல் விரைவில் வெளுத்துவிடும். சொற்கள் தெளிவாயின், கேட்பவர் செவி பேசுபவர் சாயலுக்குச் சிறிது நேரத்தில் பழகிவிடும். 'எப்படிப் பேசினால் என்ன' என்பார்க்கும் ஒரு விடை உண்டு: பேச்சில் கேட்பவர்க்கும் பங்குண்டு. அவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்து உணரும் சுமையை அவர்மேல் ஏற்றுவது பண்பாகாது.

ஆகவே, மாணவர்க்குச் சில சொல்வோம். அகராதியில் பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். அழுத்தம் பெறும் அசையின் முன் மேலே இடப்பட்டுள்ள சிறு கோட்டையும் பாருங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் உரக்கப் படியுங்கள். அதனைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு நல்ல பேச்சாளரின் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். விரைந்து பேசுவது புலமையன்று, நிறுத்திப் பேசுங்கள். ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்: மாணவர் பேசும்போது இடைமறித்துத் திருத்த வேண்டா, பேசி முடித்தபின், அன்றைக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். ஆங்கிலத் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, வாரம் ஒருமணி நேரம் ஒலிப்புப் பயிற்சி நடத்தினால் நம் கல்லூரிக்கு அதிகச் செலவும் இல்லை.

பெரியோர்க்கும் ஒன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றதை மூன்று நூற்றாண்டுகளாகப் போற்றி வருகிறோம். இன்றும் வெளிநாட்டார் ஒருவர் மேடையேறித் தட்டுத்தடுமாறி 'வணக்கம்' என்றால் கரவொலி எழுப்புகிறோம். ழகரம் அவர் வாயில் லகரமானாலும் அது நமக்கு இனிக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும்போது மட்டும் ஏன் நகைக்கிறோம்? அயலார்க்கு நாம் காட்டும் அப்பொறுமையில் பாதியை நம் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும்.

வாய் திறந்த பிள்ளையின் பேச்சை எந்நாளும் திருத்தலாம். நகைப்புக்கு அஞ்சி வாய்மூடிய பிள்ளையின் பேச்சைத் திருத்த எவராலும் இயலாது. அம்மாணவர் மீண்டும் ஒரு நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பதாக அண்மையில் வந்து சொன்னார். இம்முறை அவர் முன் அமர்வோர் பொறுமையுடையோராய் இருப்பார்களாக. அவரும் தம் குரலிலேயே தெளிவாகப் பேசுவாராக.