மெய்க்கீர்த்தி போதும், எல்லையை எழுதுங்கள்

1905ல் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேட்டில் 31 ஏடுகள். சமஸ்கிருதப் பகுதியில் பெரும்பாலும் வம்சப் பெருமை. வேலை நடப்பது தமிழ்ப் பகுதியில்! கோயிலுக்குக் கொடுத்த பழையனூரின் எல்லைகளை அலுக்க அலுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் படிப்பவன் எழுதியவரைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்க முடியாதே.

ஏஐ ஏஜென்ட்டின் நிலைமையும் அதேதான். ஒரு மென்பொருள் கருவியைப் பற்றி அது படிப்பது பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம், அவ்வளவே. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் இதுதான் ஏற்பாடு. அந்த விளக்கத்தில் போய் "அதிவேகமானது, எளிமையானது" என்று மெய்க்கீர்த்தி பாடுகிறார்கள்!

"சொல்லின் நீளத்தைத் தரும்" என்று ஒரு கருவிக்கு ஒற்றை வரி. சரி, 'திருவாலங்காடு' என்று கொடுத்தால்? பைத்தானின் லென் 13 என்கும். அது எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 7 எழுத்து என்று சொல்லும். (எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது, அது வேறு விஷயம்.) மனிதனாக இருந்தால் முழித்துவிட்டு பக்கத்து சீட்டில் கேட்பான். ஏஜென்ட் 13 என்று அடித்துச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். உடனே "ஏஐ உளறுது" என்று திட்டு!

"பெரிய மாடல் வந்தால் தானே புரிந்துகொள்ளும்" என்பார்கள். கருவி ஓடுவது வேறு எங்கோ ஒரு சர்வரில். உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணிலேயே படாதபோது எதைப் புரிந்துகொள்வது?

எண்ணுவது எழுத்தையா குறியீட்டையா, வெற்றுச் சொல் வந்தால் என்ன தரும், எதற்குப் பயன்படுத்தக் கூடாது. மூன்று வரி. அதற்குக் கை வலிக்கிறதாம்.