விலைப் பலகை எங்கே?

துணுக்காயில் இருந்து எழுதுகிறோம். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். அங்கே வசதி இல்லாத பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தால் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். தனியார் இடத்தில் ஸ்கேனுக்கு எவ்வளவு என்பது கவுண்டரில் காசு கேட்கும்போதுதான் தெரியும்.

நமது உழைப்பின் விலை மட்டும் வர்த்தமானியில் அச்சாகி நாட்டுக்கே தெரிகிறது. 2021 மார்ச்சில் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்தது. அதே வருடம் ஓகஸ்டில், தனியார் ஆஸ்பத்திரிகள் பிசிஆருக்கு 6,500 ரூபாய்க்கும் அன்டிஜனுக்கு 2,000 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று இன்னொரு வர்த்தமானி. ஆறரை நாள் கொழுந்து எடுத்தால் ஒரு பிசிஆர்! அதுவும் கூடுதல்தான். ஆனாலும் வீட்டை விட்டு இறங்கு முன்பே தொகை தெரிந்தது.

கொரோனாவுக்கு முடிந்தது ஸ்கேனுக்கு ஏன் முடியாது? 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் சபையும் இருக்கிறது. வாசலிலேயே தமிழில் விலைப் பலகை, சிகிச்சைக்கு முன் எழுத்தில் செலவுக் கணக்கு: இந்த இரண்டையும் சட்டமாக்கும்படி நமது சங்கம் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். அதுவரை, தோழர்களே, விலை கேட்காமல் காசு கட்டாதீர்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.